மாடி அறைத் தியேட்டரும் வாணியின் காதும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டு மாடியில் புதிதாக அமைத்த ஹோம் தியேட்டர் அறையில் முதல் படம் ஓடியது. உறவும் நட்புமாக அறை நிறைந்திருந்தது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

“சவுண்டு பயங்கரம்.”

என் மனைவி வாணி மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவள் அறையில் இல்லை. பாதிப் படத்திலேயே எழுந்து, தேநீர் கலக்கும் சாக்கில் கீழே சமையலறைக்குப் போய்விட்டாள்.

யாருக்காக அந்த அறையை அமைத்தேனோ, அவள்.

வாணி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். ஓராண்டாக அவளிடம் ஒரே புகார்தான். ஹாலில் உட்கார்ந்து டிவியில் படம் பார்த்தால் வசனம் புரியவில்லை. பாட்டு கேட்கிறது, சண்டை கேட்கிறது, மனிதர்கள் பேசுவது மட்டும் அவர்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. டிவி ஒல்லி, அதற்குள் இருக்கும் ஸ்பீக்கர் அதைவிட ஒல்லி. குற்றம் அதனுடையது என்றுதான் நானும் நினைத்தேன்.

மகளுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்ததும் மாடியில் பின்னறை காலியானது. ஜொகூரின் உலு திராமில் எங்களுடையது வரிசை வீடு. அறை பெரிதில்லை. ஆனாலும் நாலு பேர் வசதியாக உட்கார்ந்து படம் பார்க்கலாம். நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்தால் வாணி நிம்மதியாகப் படம் பார்ப்பாள். இவ்வளவுதான் திட்டம்.

இவ்வளவோடு எந்தத் திட்டமாவது நிற்குமா?

வாணியின் தம்பி குமரன் உள்ளே வந்தான். சிங்கப்பூரில் வேலை. தினமும் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்வருகிறவன். ஸ்பீக்கர் விஷயத்தில் அவனுக்கு அறிவு எவ்வளவு என்று தெரியாது... ஆர்வம் மிக அதிகம். அவன்தான் தெப்ராவில் ஆடியோ கடை வைத்திருக்கும் கியோங்கை அழைத்து வந்தான். கியோங் நடுத்தர வயதுக்காரர், மரியாதையான மனிதர். என்னை அங்கிள் என்றும் வாணியை ஆன்டி என்றும்தான் கூப்பிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரோரமாக நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

கியோங்குக்கு ஒலி முக்கியம். குமரனுக்கு அழகு முக்கியம். இருவருக்கும் நடுவில் நான்.

சுவருக்குக் கருஞ்சாம்பல் நிறம் அடித்தோம். கூரை ஓரத்தில் ஊதா விளக்குப் பட்டை ஓடியது. கூரை முழுக்க நட்சத்திரம் மின்ன வேண்டும் என்றான் குமரன். தினமும் அண்ணாந்து பார்க்க இது கல்யாண மண்டபம் இல்லை என்று அதை மட்டும் தடுத்தேன். திரைக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர். வசனம் வருவதற்கென்றே திரைக்குக் கீழே நடுவில் ஒன்று. மூலையில் அதிர்வுக்கு ஒரு கறுப்புப் பெட்டி.

ஸ்பீக்கர்களுக்கு முன்னால் துணி மூடி உண்டு. அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது குமரன் சொக்கிப்போனான்.

“மூடியெல்லாம் எடுத்துருவோம் மாமா. எவ்ளோ அழகா செப்புக் கலர்ல செஞ்சி வெச்சிருக்கான். அத மூடி வெக்கறது பாவம் லா.”

எடுத்துவிட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கியோங் எல்லாவற்றையும் பொருத்திச் சரிபார்த்துவிட்டுப் போன மறுநாள் வெள்ளிக்கிழமை. வாணி குளித்து, சந்தனம் குழைத்து, அறையில் இருந்த அத்தனை பெட்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். எங்கள் காருக்கு, பிரிட்ஜுக்கு, துணி துவைக்கும் மெஷினுக்கு எல்லாம் வைத்ததுபோலத்தான். புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொட்டால் அவளுக்குக் கை கூசும்.

அதற்கு மறுநாள்தான் நான் முதலில் சொன்ன சனிக்கிழமை.

படம் தொடங்கியது. வில்லன் கதவை உதைத்தான். எங்கள் சோபா அதிர்ந்தது. எல்லோரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு வில்லன் பேசினான்.

“என்ன சொன்னான்?” என்று வாணி என்னைக் கேட்டாள்.

சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கதாநாயகி பேசினாள். வாணி மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். பின்வரிசையிலிருந்து யாரோ “உஷ்” என்றார்கள்.

முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த குமரன் திரும்பினான். “அக்கா, கீழ சப்டைட்டில் ஓடுதே. அதப் படிச்சிக்குங்க.”

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தமிழ்ப் படம் என்றால் அடியில் மலாய் எழுத்து ஓடும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் அது இருப்பதே நமக்கு உறைப்பதில்லை.

“தமிழ்ப் படத்த மலாய்ல படிச்சிப் புரிஞ்சிக்கணும்னா நான் எதுக்குடா தமிழ் டீச்சரா இருக்கேன்?” என்றாள் வாணி. அவள் அந்த எழுத்தின் பக்கமே கண்ணைத் திருப்ப மாட்டாள். பிடிவாதம்.

சிறிது நேரம் கழித்துப் பார்த்தேன். அவள் இடம் காலியாக இருந்தது. அறையிலேயே நல்ல இடம் அது. திரைக்கு நேர் எதிரே, நடுவில்.

அடுத்த வாரம் கியோங்கை அழைத்தேன். வசனம் ஆன்டிக்குத் தெளிவாக இல்லை என்றேன். வந்தார். ஸ்பீக்கர்களுக்கு எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தரையைப் பார்த்து, கம்பளம் போடலாம் என்றார். வெறும் தரை சத்தத்தைத் திருப்பி அடிக்குமாம்.

கம்பளம் போட்டோம். அறை இன்னும் அழகானது. வசனம் அப்படியே இருந்தது.

மறுபடி வந்தார். மறுபடி அதே இடத்தில் நின்று, அதே மாதிரி வாயெடுத்து, ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை என்றார். போட்டோம். அறை மேலும் அழகானது. அதற்கடுத்து, சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகைகள். ஒட்டினோம். இப்போது வருகிறவர்கள் எல்லாம் அறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வாணி நேர் எதிரே உட்கார்ந்து “என்ன சொன்னான்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கட்டத்தில் பக்கத்து வீட்டு ரஹீம் பாய் வந்தார். பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை, பகலில் தூங்குகிறவர். சுவர் வழியாக எல்லாம் வருகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“வசனம் கேக்குதா பாய்?” என்று ஆவலாகக் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வசனமெல்லாம் இல்லீங்க. வெடி மட்டுந்தான்.”

நான் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவன். பத்திரிகையின் செய்திப் பிரிவில் காலம் தள்ளியவனுக்குப் பொறுமை இல்லாவிட்டால் எப்படி? ஆனால் அந்த வாரங்களில் அந்த அறைக்குள் போனாலே எரிச்சல் வந்தது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வயரை மாற்றச் சொன்னார் ஒருவர். வீட்டு மின்சாரம் சரியில்லை என்றார் இன்னொருவர். அறையின் வாசல் திசை தவறு என்றார் ஓர் உறவுக்காரர். எல்லாக் காரணங்களும் தீர்ந்தபோது மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதைச் சொல்ல யாரும் தயங்கவில்லை, நேராக அவளிடமே சொன்னார்கள்.

“டீச்சர், காதை ஒரு தடவ காட்டிருங்க.”

“வயசாவுது இல்ல? சகஜம் லா.”

“எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சி. இப்ப மெஷின் வெச்சிருக்காங்க.”

ஹாலில் டிவி சரியில்லை என்று ஒரு சாக்கு இருந்தது. அந்தச் சாக்கை நான்தான் செப்புக் கலர் ஸ்பீக்கர் வாங்கி ஒழித்துக்கட்டினேன். உலகமே பாராட்டும் ஒலியில் ஒருத்திக்கு மட்டும் வசனம் கேட்கவில்லை என்றால் வேறென்ன அர்த்தம்?

முதலில் வாணி சிரித்துச் சமாளித்தாள். பிறகு ஒரு நாள் திடீரென்று மாறிப்போனாள். சிரிப்பு நின்றது. பள்ளியிலிருந்து வந்தால் களைத்துப்போய் உட்காருவாள். வகுப்பில் பிள்ளைகள் ஏதாவது சொன்னால், சரியாகத்தான் கேட்டோமா என்று சந்தேகம் வந்து, இன்னொரு முறை சொல்லச் சொல்கிறாளாம். ஆறேழு வயதுப் பிள்ளைகள். டீச்சருக்குக் கேட்கவில்லை என்று அவர்களாகவே முடிவு செய்து, எழுந்து நின்று கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

“ஒரு புள்ள பக்கத்துல வந்து என் காதப் பிடிச்சிச் சொல்லுதுங்க,” என்றாள்.

சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

“திங்கக்கிழம தலைமையாசிரியரப் பாத்துச் சொல்லிடப்போறேன். கிளாஸ் வேணாம். புத்தக ரூம்ல போடச் சொல்றேன். இல்லாட்டி ஓய்வு வாங்கிக்கிறேன்.”

“முதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம்.”

“டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஒன்னாம் வருசத்துப் புள்ள எப்படிப் பேசும், மெதுவா, வாய்க்குள்ளயே. அதத் திருத்தறதுதான் என் வேலையே. அது காதுல விழலன்னா நான் எதுக்கு அங்க நிக்கணும்?”

காலமெல்லாம் அந்த முதலாம் ஆண்டு வகுப்பை வேறு யாருக்கும் விட்டுத்தராமல் இருந்தவள் அவள்.

அது ஒரு வியாழக்கிழமை. அன்று மாலை குமரன் வந்திருந்தான். அக்காவைக் கொஞ்சம் தேற்றலாம் என்று மாடிக்கு வற்புறுத்தி அழைத்துப்போய், ஒரு பழைய குடும்பப் படத்தைப் போட்டான். ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து எடுத்தது. வெடி இல்லை, கார் இல்லை. வீட்டுக்குள் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் படம்.

கொஞ்ச நேரம் ஓடியது. கதாநாயகனின் அப்பா ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். மகன் அழுதான்.

“என்ன சொன்னாரு மாமா?”

கேட்டது வாணி இல்லை. குமரன்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. திரையின் அடிப்பகுதியைப் பார்த்தேன். அங்கே எழுத்து இல்லை. அந்தப் படத்தில் மலாய் சப்டைட்டில் இல்லை.

குமரன் படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டான். அப்பா மறுபடி ஏதோ சொன்னார். கம்பளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. மகன் மறுபடி அழுதான்.

வாணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்களுக்கும் கேக்கலியா?”

நாங்கள் யாருமே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தோம். இத்தனை வாரமும், அத்தனை பேரும். சோபா அதிர்ந்ததற்குப் பாராட்டினோம், வசனத்தை மலாயில் வாசித்தோம், தமிழில் கேட்டதாக நினைத்துக்கொண்டோம். அறையில் காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் காது போய்விட்டது என்று சொன்னோம்.

சனிக்கிழமை காலை கியோங்கை வரவழைத்தேன். இந்த முறை வாசலிலேயே நிறுத்திக் கொஞ்சம் சூடாகவே பேசினேன். கம்பளம் முதல் பலகை வரை எல்லாம் ஆயிற்று, உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன்.

மாடிக்கு வந்தார். நடு ஸ்பீக்கருக்கு எதிரே நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

“அங்கிள், கோவிச்சுக்கக் கூடாது. இத... தொடலாமா?”

“எத?”

கையை நீட்டாமல், தாடையால் காட்டினார். சந்தனப் பொட்டை.

ஸ்பீக்கரில் செப்பு நிறத்தில் பெரிய வட்டம் ஒன்று இருக்கும். அதற்கு மேல் சின்னதாக, குமிழாக ஒன்று. ட்வீட்டர் என்பார்கள். மெல்லிய பட்டுத் துணியால் ஆனது. பேச்சில் கூர்மையான ஒலிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் வர வேண்டும். அது அடைத்தால் சொற்கள் மொத்தையாகிவிடும். துணி மூடியையும் கழற்றியாகிவிட்டது. பார்த்தால் அசல் நெற்றி மாதிரி இருக்கும். வாணி டீச்சர் இல்லையா... சரியாக அதன் நடுவில், கட்டை விரலால் அழுத்தி, கெட்டியாகச் சந்தனம் வைத்து மேலே குங்குமம் இட்டிருந்தாள். மூன்று ஸ்பீக்கருக்கும். சந்தனம் காய்ந்து சிமெண்டுபோல இறுகியிருந்தது. நடு ஸ்பீக்கரின் குமிழ் உள்ளே அமுங்கிப்போயிருந்தது.

அந்தப் பொட்டை நான் தினமும் பார்த்தேன். எழுத்துப்பிழையைத் தூரத்திலிருந்தே பிடிக்கும் கண் என்று பெயர். என்ன பயன்? நம் வீட்டுக் கண்ணுக்குப் பொட்டு என்பது பொருளின் ஒரு பகுதி.

“முதல் தடவ வந்தப்பவே பாத்தீங்களா?” என்று கியோங்கைக் கேட்டேன்.

“பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சாமி விஷயம் அங்கிள். உங்க சாமிய எடுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? எங்க கடையில இருக்கற சாமி மேடைய யாராச்சும் நகத்தச் சொன்னா எங்கம்மா அவர உள்ளயே விட மாட்டாங்க.”

“அதுக்காகக் கம்பளம் போடச் சொன்னீங்களா?”

“கம்பளமும் நல்லதுதான் அங்கிள்,” என்றார், மிக மரியாதையாக.

கோபப்படவும் முடியவில்லை. வாணி அதற்குள் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் எடுத்து வந்துவிட்டாள்.

“அது சாமி இல்ல தம்பி, சந்தனம். நீங்க எடுங்க,” என்று அவரிடம் மலாயில் சொன்னாள்.

அவர் எடுக்கவில்லை. நீங்களே எடுங்கள் ஆன்டி என்று இரண்டடி தள்ளி நின்று வழி சொன்னார். அவள் பஞ்சை நனைத்து, பிழிந்து, குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். சந்தனம் மெல்லக் கரைந்து வந்தது. கடைசித் துளி குங்குமமும் போன பிறகுதான் கியோங் கிட்டே வந்தார். ஒட்டும் டேப்பைக் குமிழின் மேல் வைத்து மென்மையாக இழுத்தார். அமுங்கியிருந்தது மேலே வந்தது.

குமரன் மறுபடி அந்தப் படத்தைப் போடப் போனான். வாணி தடுத்து, தன் கைப்பேசியைக் கொடுத்தாள். அவள் வகுப்புப் பையன் ஒருவன் மேடையில் செய்யுள் ஒப்புவிக்கும் பதிவு. அதைப் போடச் சொன்னாள். தன் இடத்தில், நடுவில், போய் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

பையன் ஒப்புவித்தான். தெளிவாக இருந்தது. பாதியில் ஒரு கணம் திணறி, மறுபடி பிடித்துக்கொண்டு முடித்தான்.

“நல்லா சொன்னான்,” என்றான் குமரன்.

“எங்க சொன்னான்? பின்னால நின்னு இன்னொரு புள்ள, தர்ஷினி, எடுத்துக் குடுக்கறா. கேக்கல?”

எங்களுக்குக் கேட்கவில்லை. கியோங் காதைச் சாய்த்தார். இன்னொரு முறை ஓடவிட்டோம். பையன் திணறிய அந்தக் கணத்தில், எங்கோ பின்னாலிருந்து, மூச்சைப்போல ஒரு குரல். இருந்தது. ஸ்பீக்கர் விற்பதையே தொழிலாகக் கொண்டவரே மூன்றாவது முறைதான் தலையாட்டினார்.

“அந்தக் குட்டிய திங்கக்கிழம கவனிச்சிக்கறேன்,” என்றாள் வாணி. அந்தத் திங்கட்கிழமை அவள் தலைமையாசிரியர் அறைக்குப் போகவில்லை. நேராக வகுப்புக்குத்தான் போனாள்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். நாம் எவ்வளவு நாகரிகமான மக்கள். ஒரு பொட்டைக் குறை சொல்லக் கியோங்குக்கு அவ்வளவு கூச்சம். அவளுக்குக் காது போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் உறவில் ஒருவருக்கும் கூச்சமில்லை. மனிதர்களைவிட ஸ்பீக்கர்களை நாம் மரியாதையாக நடத்துகிறோம்.

கியோங் போன பிறகு குமரன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் மனசு லேசாகியிருந்தது.

“நீங்களும் சும்மா சும்மா பயந்துட்டீங்க அக்கா. யார் யாரோ சொன்னத நம்பிக்கிட்டு.”

“யார் யாரோ சொன்னத நான் எங்கடா நம்புனேன்?” என்றாள் வாணி. “நீயும் மாமாவும் சொன்னதத்தான் நம்புனேன்.”

நாங்கள் விழித்தோம்.

“ஒரு நாள் சாயங்காலம் நீ கெளம்ப முடியாம, ரெண்டு பேரும் கீழ கார்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தீங்க. ‘அக்காவுக்குக் காது போச்சு மாமா, பக்குவமா எடுத்துச் சொல்லணும்’னு நீ மெதுவா சொன்ன. இவரு ‘ம்ம்’னாரு. நான் மேல ரூம்ல துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். தெளிவா கேட்டுச்சி. நீங்க ரெண்டு பேருமே சொல்லும்போது, சரி, உண்மைதான் போலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

அன்று குமரன் கிளம்ப முடியாமல் நின்றது மழையால்தான். கொட்டித் தீர்க்கும் ஜொகூர் மழை. காருக்கு மேல் இருக்கும் எங்கள் வாசல் கூரை தகரம்.